என் மகள் ஒரு நாளைக்கு நாற்பது செல்ஃபி எடுக்கிறாள்: ஒரு ஸ்டுடியோக்காரரின் பதில்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார்: "என் மகள் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது செல்ஃபி எடுக்கிறாள். பீச் ரோட்டுக்குக் கூட்டிப்போனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். இது தற்பெருமையா, ஏதாவது மனநோயா? எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் இல்லையே?"

அம்மா, நான் டாக்டர் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பது வருடம் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவன். ஊரார் முகத்தைப் பார்த்தே சோறு சாப்பிட்டவன். அதனால் உங்கள் கேள்வியின் கடைசி வரிக்குத்தான் என்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது. நோய் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

செல்ஃபி எடுக்கும் பழக்கத்துக்கு 'செல்ஃபைட்டிஸ்' என்று பெயர் வைத்து, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதை நோய் என்று அறிவித்துவிட்டதாக 2014-இல் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. அது ஒரு நையாண்டி இணையதளம் கட்டிவிட்ட கதை. அந்தச் சங்கம் அப்படி எதையும் அறிவிக்கவில்லை. பிறகு 2017-இல் மதுரை தியாகராசர் மேலாண்மைக் கல்லூரி ஆய்வாளர் ஒருவரும் இங்கிலாந்துப் பேராசிரியர் ஒருவரும் அதே வார்த்தையை எடுத்துக்கொண்டு, நம் நாட்டு மாணவர்களிடம் பேசி, இந்தப் பழக்கத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். எல்லோரும் நம்மைக் கவனிக்க வேண்டும் என்ற ஆசை அதில் ஒரு காரணமாக வந்தது. கூடவே மனசு லேசாகிறது, தைரியம் வருகிறது, நண்பர்களோடு ஒட்டிக்கொள்ள முடிகிறது, போன இடம் ஞாபகத்தில் நிற்கிறது என்பவையும் வந்தன. ஒரு கேள்வித்தாள் இருப்பதாலேயே அது நோயாகிவிடாது. மனநோய்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் செல்ஃபி என்று ஒன்று இல்லை. உங்கள் மகள் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, படம் சரியாக வராவிட்டால் அழுகிறாளா, வெளியே வரவே மறுக்கிறாளா என்று பாருங்கள். அப்படி ஏதாவது இருந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள், தயங்க வேண்டாம். நாற்பது என்ற கணக்கு மட்டும் உங்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை.

சரி, "எங்கள் காலத்தில் இல்லையே" என்கிறீர்களே, அதற்கு வருகிறேன்.

உங்கள் காலத்தில் என் கடைக்குள் நுழைந்தால் இடது பக்கச் சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி இருக்கும். அதன் கீழே பலகையில் சீப்பு, பவுடர் டப்பா, பொட்டுச் சாந்து. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மேஜை மேல் ஒயர் இல்லாத ஒரு டெலிபோன், ஒரு பிளாஸ்டிக் ரோஜா ஜாடி. பின்னால் மாடிப்படியும் தூணும் வரைந்த திரை. வந்தவர்கள் அந்தக் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நிற்பார்கள். தலையை இப்படி வாரி, அப்படி வாரி, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்த கைக்கடிகாரத்தைச் சட்டைக்கு வெளியே இழுத்துவிட்டு, அப்புறம்தான் ஸ்டூலில் வந்து உட்காருவார்கள். தான் எப்படித் தெரிய வேண்டும் என்ற ஏக்கம் இன்று உங்கள் மகளுக்கு இருப்பதைவிட அவர்களுக்கு ஒரு துளியும் குறைவாக இல்லை.

உங்கள் ஊரிலேயே இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தில் சேர்ந்து, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேகரித்து ஸ்கேன் செய்திருக்கிறது. 1880 வாக்கில் தொடங்கி நூறு வருடத்துப் படங்கள். தன்னையும் குடும்பத்தையும் தமிழர்கள் எப்படிக் காட்டிக்கொண்டார்கள் என்பதுதான் அந்த வேலையின் கரு. வாய்ப்பு கிடைத்தால் மகளோடு சேர்ந்து அந்தப் படங்களைப் பாருங்கள். கை வைத்த விதம், பார்வை போன திசை, மடியில் இருக்கும் புத்தகம் எல்லாமே யோசித்து வைத்தவை.

அப்படியானால் என்ன மாறியது? கேமரா இருந்த கை மாறியது. இதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன்.

ஃபிலிம் ரோலில் 36 படம்தான். ஆளுக்கு ஒரு கிளிக், மிஞ்சிப்போனால் இரண்டு. "தாடையைத் தூக்கு, தோளை இறக்கு, வாயை மூடு, சிரிக்காதே" என்று நான்தான் சொல்வேன். ஒருமுறை பத்தாம் வகுப்புப் பரீட்சை விண்ணப்பத்துக்காக ஒரு பெண் வந்தாள். முன்பல் கொஞ்சம் எடுப்பு. சிரித்த முகமாகவே வந்து உட்கார்ந்தாள். "பல்லு தெரியாம வாயை மூடும்மா" என்றேன். எனக்கு அது தினமும் ஐம்பது தடவை சொல்லும் வார்த்தை. இருபது வருடம் கழித்து, கடையை மூடும் சமயத்தில், அவர் தன் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்தார். "அண்ணா, நீங்க அன்னிக்கு சொன்னதுக்கப்புறம் என் கல்யாண ஆல்பத்துல கூட வாயைத் தொறந்து சிரிச்ச போட்டோ ஒண்ணு இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தகவல் மாதிரி சொன்னார். எனக்கு உட்கார முடியவில்லை. கிளம்பும்போது போனை நீட்டி என்னோடு ஒரு செல்ஃபி எடுத்தார். அதில் அவருக்குப் பல் அத்தனையும் தெரிந்தது.

என்னைப் போன்றவர்கள் அறியாமல் செய்ததை, அதற்கு முன்பு அதிகாரத்தோடே செய்தவர்கள் உண்டு. 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களைச் சாதி சாதியாக நிறுத்தி, மூக்கின் நீள அகலத்தை இடுக்கியால் அளந்து, படமெடுத்து, 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். அந்தப் படங்களில் நம் பாட்டன் பாட்டிகள் இருக்கிறார்கள். பலருக்குப் பெயர் இல்லை, சாதிப் பெயர் மட்டும் இருக்கும். இன்ன மாதிரி நிற்கிறேன் என்று சொல்ல அவர்களுக்கு வழி இல்லை.

அந்தக் காலத்தில் கேமரா சொந்தமாக வைத்திருந்தவர்கள் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். 1839-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கொர்னேலியஸ் என்ற விளக்குக் கடைக்காரர் வீட்டுப் பையன், கடையின் பின்கட்டில் கேமரா முன் அசையாமல் இருந்து தன் முகத்தை உலோகத் தகட்டில் பிடித்தார். தலை கலைந்திருக்கும், கையைக் கட்டிக்கொண்டிருப்பார், படத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி இருப்பார். படத்தின் பின்பக்கம், ஒளியால் எடுக்கப்பட்ட முதல் படம் என்று வருடத்தோடு எழுதியும் வைத்தார். நம் நாட்டில் திரிபுரா மகாராஜா பீர்சந்திர மாணிக்கியா, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ராணியைப் பக்கத்தில் அணைத்தபடி உட்கார்ந்து தானே கருவியை இயக்கி எடுத்த படம் இருக்கிறது. மகாராஜாவால் முடிந்தது. உங்கள் மகள் அதை பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு செய்கிறாள்.

அந்தச் சொல்லே புதிதுதான். 2002-இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் பார்ட்டியில் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டு, அந்த உதட்டைப் படமெடுத்து இணையத்தில் போட்டபோது 'செல்ஃபி' என்று எழுதியது எழுத்தில் கிடைக்கும் முதல் தடயம். 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. தமிழில் தம்படம், சுயமி, தாமி என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். தம்படம் எனக்குப் பிடிக்கும். ஆனால் வாயில் வருவது செல்ஃபிதான், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

தற்பெருமையா என்று கேட்டீர்கள். தன் முகத்தைத் தானே பார்ப்பதைப் பாவமாகச் சொல்லாத கதைகள் நம் மரபில் உண்டு. பெருமாளுக்குக் கட்டிய மாலையை ஆண்டாள் தன் தோளில் போட்டுக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரில் அழகு பார்த்துவிட்டுத்தான் கொடுத்தனுப்பினாள். அப்பா கண்டித்தார். கடவுளோ அவள் சூடிய மாலையைத்தான் கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணாடிக் கிணறு என்று இன்றும் காட்டுகிறார்கள். அந்தக் கதையில் அப்பாவின் பக்கம் நிற்காத ஊர் இது.

எங்கள் மாவட்டத்து வள்ளலாரை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் அறைச் சுவரில் கண்ணாடி மாட்டி, விளக்கேற்றி, அதன் எதிரே உட்கார்ந்து தியானித்தபோது தணிகை முருகன் அந்தக் கண்ணாடியில் காட்சி கொடுத்தார் என்பது அவர் வரலாறு. அதே வள்ளலாரைப் படமெடுக்கச் சென்னையிலிருந்து புகைப்படக்காரர் வந்து திரும்பத் திரும்ப முயன்றும் வெள்ளை ஆடை மட்டும் விழுந்தது, உருவம் விழவில்லை என்றும் சொல்வார்கள். பண்ருட்டிக் குயவர் ஒருவர் அவர் உருவத்தை மண்ணில் செய்து கொண்டுவந்தபோது, "பொன்னான மேனி மண்ணாயிற்றே" என்று கீழே போட்டு உடைத்துவிட்டார் என்பதும் வடலூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1910-இல் புதுச்சேரிக்கு வந்த அரவிந்தர், பிறகு பல ஆண்டுகள் தன்னைப் படமெடுக்க விடவில்லை. 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் எடுத்தார், அந்த டிசம்பரிலேயே அரவிந்தர் மறைந்தார்.

பத்து வருடம் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதிக்கோ அசல் போட்டோ என்று இருப்பவற்றைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அவர் மறுத்தவர் இல்லை. வசதி இல்லாத காலம். அந்த முண்டாசு முகத்தை நாம் இத்தனை ஆசையாக ஓவியமாக வரைந்துகொண்டே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

படத்தில் விழ மாட்டேன் என்று சொன்னவருக்கும், விழுவேன், ஆனால் என் கையால்தான் விழுவேன் என்று சொல்லும் உங்கள் பெண்ணுக்கும் இருப்பது ஒரே உரிமை. என் முகம், நான் தீர்மானிக்கிறேன். இதைத் தற்பெருமை என்று நான் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு உறுதியாக நான் பேசுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் மூன்றாவது வாரம். தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஆறு வயது மகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. வீடும் போனதால் அந்தப் பிள்ளையின் படம் ஒன்றுகூட இல்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றை யாரோ கொடுத்திருந்தார்கள். அதில் மூன்றாவது வரிசையில், ஒரு பெரியம்மாவின் தோளுக்குப் பின்னால், அந்தக் குழந்தையின் பாதி முகம் தெரிந்தது. ஒரு கண், பாதி மூக்கு, சிவப்பு ரிப்பன். பெரிது பண்ணினால் புள்ளி புள்ளியாகச் சிதறியது. அப்போது கடையில் கம்ப்யூட்டர் வந்திருந்தது. தெரிந்த பாதியைத் திருப்பிப் போட்டு, மறைந்த பாதியில் ஒட்டி, இரவு முழுக்க உட்கார்ந்து ஒரு முழு முகம் செய்தேன்.

காலையில் அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது அவ இல்லண்ணா. அவளுக்கு இந்தப் பக்கத்துக் கண்ணு கொஞ்சம் சின்னது" என்றார்.

நான் ஒட்டியதை எடுத்துவிட்டு, தோளும் பாதி முகமும் இருந்தபடியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதைத்தான் ஃபிரேம் போட்டு மாலை போட்டார்கள். அந்த வருடம் இப்படி வந்தவர்கள் பலர். ஒரு பிள்ளைக்கு நாற்பது படம் என்று இன்று யாராவது அலுத்துக்கொண்டால் எனக்கு அந்தப் பெரியம்மாவின் தோள்தான் ஞாபகம் வருகிறது.

அந்த அம்மா சொன்ன கண் விஷயத்தில் ஒரு தொழில் உண்மையும் இருக்கிறது, அது உங்கள் மகளுக்கு உதவும். யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. கண்ணாடியில் தினமும் பார்க்கும் முகம் இடம் வலம் மாறிய முகம். செல்ஃபி எடுக்கும்போது திரையில் தெரிவதும் பெரும்பாலும் அப்படித்தான். மற்றவர் எடுத்த படத்தில் அது நேராக வரும், உடனே "என் வாய் ஏன் கோணலாக இருக்கிறது" என்று தோன்றும். 1977-இலேயே அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தங்கள் படத்தில் கண்ணாடிப் பிம்பம் போன்றதைத்தான் பெண்கள் விரும்பினார்கள். அவர்களுடைய தோழிகளுக்கோ நேரான படம்தான் பிடித்தது. பழகிய முகம் அழகாகத் தெரிகிறது, அவ்வளவுதான். தோழிகள் பழகியது வேறு முகத்தோடு.

மூக்கும் அப்படித்தான். கை நீளத்துக்குள் கேமரா இருந்தால் அதற்கு மிக அருகில் இருப்பது மூக்கு, தள்ளி இருப்பது காது. அருகில் இருப்பது பெரிதாக விழும். ஓரடி தூரத்தில் எடுக்கும்போது, ஐந்தடியில் எடுப்பதைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க முக அறுவை மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சரிசெய்யச் சொல்லி ஆட்கள் வந்துகொண்டிருந்ததால்தான் அந்தக் கணக்கே போட்டார்கள். மகள் தன் மூக்கைப் பற்றி எப்போதாவது குறைப்பட்டால், போனை ஜன்னலில் சாய்த்துவைத்து, டைமர் போட்டு, ஐந்தடி தள்ளி நின்று ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். தர்ஸ்டன் அளந்த மூக்கையே இன்று லென்ஸும் தப்பாக அளக்கிறது, அதை நம்ப வேண்டாம்.

எனக்குக் கவலை இருக்கும் இடம் வேறு. ஃபில்டர். பெண் பார்க்க அனுப்பும் போட்டோ என்றால் எங்கள் கடையில் நெகட்டிவின் மேல் பென்சிலால் டச்சிங் பண்ணுவோம். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். பருவும் சுருக்கமும் மறையும், முகம் இரண்டு படி வெளுக்கும். "கொஞ்சம் கலரா வர மாதிரி பண்ணுப்பா" என்று அப்பாக்கள் என் காதோரம் வந்து சொல்வார்கள். செய்தேன், வருத்தப்படுகிறேன். கலர் ஃபிலிம் வந்த காலத்தில் லேபுகளில் நிறம் சரிபார்க்க வைத்திருந்த 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படத்தில் இருந்ததும் ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்தத் தோல் சரியாக விழுந்தால் போதும் என்று மெஷினைத் திருகுவார்கள். நம் கறுப்பு அதில் அப்பிக்கொண்டு வரும். இன்று சில போன்களில் பியூட்டி மோடு தானாகவே முகத்தை வெளுக்கிறது, தாடையை ஒல்லியாக்குகிறது. கேமராவைத் தன் கையில் வாங்கிக்கொண்ட பெண்ணின் முகத்தை மறுபடியும் வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். அந்த செட்டிங்கை அணைத்துவிட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றபடி இந்தப் பக்கம் திரும்பி நிற்பது, அந்த வெளிச்சத்தைத் தேடுவது, ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர் முன்னால் காகிதப்பூவோடு நிற்பது, இதெல்லாம் அவள் கற்றுக்கொள்ளும் கலை. சாயங்கால வெயிலில் மஞ்சள் சுவர் முகத்தில் எவ்வளவு அழகாக ஒளியைத் திருப்பிப் போடும் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் ஆனது.

கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பதில் மட்டும் நீங்கள் பயப்படுவது நியாயம். 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை செல்ஃபி எடுக்கும்போது உலகில் 259 பேர் இறந்ததாகச் செய்திகளைத் திரட்டி டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதில் பாதிக்கு மேல் நம் நாட்டில். முதல் காரணம் தண்ணீரில் மூழ்குவது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். எனவே வீட்டில் பையன் இருந்தால் அவனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்: பீச் ரோட்டுக் கற்களிலும், கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களிலும் பாசி இருக்கும், ஈரமாக இருந்தால் கால் நிற்காது. காந்தி சிலைப் பக்கம் நடைபாதையில் நின்று எடுத்தாலும் கடல் விழும்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் அடித்தபோது என் கடை ஓடு பறந்து தண்ணீர் இறங்கியது. பீரோவிலிருந்த நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் பிரிக்க முகங்கள் உரிந்து வந்தன. வீடுகளில் பிரிண்ட் இருந்தவர்களுக்குத்தான் படம் மிஞ்சியது. உங்கள் மகளின் படங்கள் ஒரே ஒரு போனில் இருக்கின்றன. போன் தொலையும், பாஸ்வேர்டு மறக்கும். வருடத்துக்குப் பத்துப் படம் போதும், அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அவள் எங்கும் போடாமல் வைத்திருப்பவற்றிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் இருக்கும் படம் ஒன்றாவது அதில் இருக்கட்டும். ஆறுக்கு நாலு அளவில் நல்ல லேபில் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் மெத்தென்ற பென்சிலால் பெயர், தேதி, இடம் எழுதி வையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் கோடு விழும்.